ஏழு ஃப்ளாட்டு அரிசி

அன்பு மகள் ஷோபாவுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே திருப்பதியில் உன் வீட்டில் நானும் உன் அம்மாவும், மாப்பிள்ளையும், பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உன் அம்மா பேச்சைக் கேட்காமல் நானாக வாங்கிக்கொண்டது என்பதால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். அயர்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, ராத்திரி டூட்டி முடிந்து பகலிலாவது ஒழுங்காகத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருக்க ஏழுமலையான் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற மகளுக்கு இந்த ஆள் எதற்குப் பேனா பிடிக்கிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. ஒரு விஷயத்தை உன்னிடம் போனில் சொல்லமாட்டேன் என்று உன் வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். திருமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கொடுத்த வாக்கு, மீறினால் கண் அவிந்துபோகும். ஆனால் அவர் கேட்டது போனைப் பற்றித்தான், கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆயுசு முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனிடம் வாக்கு வாங்குகிறவர் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டாமா. வடமாலபேட்டை சந்தியா லீவு முடிந்து உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள், எலுமிச்சை ஊறுகாய் டப்பாவோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். டூட்டியில் இருந்தால் மடித்துப் பையில் வை, ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். நம் யஸ்வந்தை, ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற உன் பிள்ளையை, தசரா லீவு முடிந்ததும் ஆஸ்டல் ஸ்கூலில் சேர்த்துவிடுவதென்று மாப்பிள்ளை முடிவு செய்திருந்தார். ஊருக்கு வெளியே பெரிய காம்பவுண்டு, வாசலில் சிமெண்டு ராக்கெட், ஒண்ணாங்கிளாஸிலிருந்தே ஐஐடி ஃபவுண்டேஷனாம். பிள்ளைக்கு விழுந்த முன்பல் இரண்டும் இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் ஐஐடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். போன வாரம் ஊருக்கு வந்து என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார், "மாமா, என்னால முடியல. காலைல எழுந்தா மீட்டிங்கு, சாயந்தரமானா அமெரிக்காக்காரன் கூப்டுறான். பாப்பாவ நீங்க ஊர்ல வச்சிக்கோங்க, அவன் ஆஸ்டல்ல டிசிப்ளினா வளருவான். ஷோபாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கறேன், நீங்க போன்ல சொல்லிடாதீங்க, அவ டூட்டில அழுதுகினு நிப்பா" என்று. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போன் பண்ணி சீட்டை உறுதி செய்ய வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. என் சர்வீஸில் எத்தனையோ அரை டிக்கெட் கிழித்திருக்கிறேன், ஓர் அரை டிக்கெட்டையும் தனியாக ஏற்றி அனுப்பியதில்லை. ஆனால் மாப்பிள்ளை முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடியுமா. சொன்னால் வந்து நீ பார்த்துக்கொள் என்பார், அவர் கேட்பதிலும் தப்பில்லை. பெண்டாட்டி கடல் தாண்டி சம்பாதிக்கப் போயிருக்க, இரண்டு சின்னப் பிள்ளைகளை ஓர் ஆண்பிள்ளை ஒண்டியாக எத்தனை நாள் இழுப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு, புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமைக்கு நானும் உன் அம்மாவும் வருகிறோம், இரண்டு நாள் பிள்ளைகளோடு இருந்துவிட்டு அப்புறம் நீங்கள் போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னேன். "ஃபேமிலி வீக்கெண்டா, சூப்பர் மாமா" என்று அங்கேயே செல்போனைத் தட்டி நேரம் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை சாயந்தரம் ஐந்து முதல் ஆறு வரை குடும்பமாக மகிழ்ச்சியாக இருப்பது என்று எழுதிவைத்ததை எனக்கும் காட்டினார்.

சனிக்கிழமை விடியற்காலை புத்தூரில் பஸ் ஏறினோம். உன் அம்மா கொல்லையையே பெயர்த்து இரண்டு கோணிப்பையில் அடைத்திருந்தாள். கத்தரிக்காய், அவரைக்காய், முருங்கைக்கீரை, வேர்க்கடலை, கேழ்வரகு மாவு, வெல்லம், நெய் எல்லாம் உண்டு. கண்டக்டர் பிள்ளை லக்கேஜ் டிக்கெட் கேட்டான், நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். "ஊரெல்லாம் நீ அடிச்ச டிக்கெட்ட இன்னிக்கி இந்தப் புள்ள உனக்கே அடிச்சிட்டான்" என்று உன் அம்மா திருப்பதி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

உன் வீட்டைப் பற்றி உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நீ ஆசைப்பட்டு வாங்கிய சாப்பாட்டு மேஜை இருக்கிறது, அதைச் சுற்றி நாற்காலி ஆறும் இருக்கிறது, ஆனால் மேஜை மேல் துவைத்த துணி குடித்தனம் பண்ணுகிறது. மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு, காதில் குமிழை மாட்டிக்கொண்டு, லேப்டாப்புக்கு ஊட்டுவதுபோல் அதன் எதிரில் சாப்பிடுகிறார். யஸ்வந்த் சோபாவில் டேப்லெட்டோடு சாப்பிடுகிறான். தரணிக்கு மூன்று வயசு ஆகியும் டிவியில் பன்றிக்குட்டி ஆடினால்தான் வாய் திறக்கிறது, வேலைக்கு வருகிற அம்மா அந்த நேரம் பார்த்து ஒரு வாய் தள்ளுகிறாள். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடையிலிருந்து மூன்று ஆள் ஸ்கூட்டரில் டிபன் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வீட்டைவிட்டு எங்கும் போவதில்லை, வீட்டிலேயேதான் வேலை, ஆனால் அவரைப் பார்ப்பதைவிட பலமனேரில் இருக்கிற உன் சித்தப்பாவைப் பார்ப்பது சுலபம். யஸ்வந்த் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த ஸ்கூல்காரர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தைக் காட்டினான். ராக்கெட்டை, நீச்சல் குளத்தை எல்லாம் தள்ளிவிட்டு ஒரே ஒரு படத்தில் வந்து விரலை வைத்தான். நீளமான ஹால், வரிசையாகப் பிள்ளைகள், எல்லோர் முன்னாலும் தட்டு. "தாத்தா, இது யார் கல்யாணம்" என்று கேட்டான். கல்யாணம் இல்லைடா, அங்கே தினமும் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்றேன். "டெய்லியா" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை பயப்படுகிறான் என்று நினைத்து நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பொங்கலுக்கு அடுப்பு மூட்டப் போனாள். போனவள் அங்கிருந்து போட்ட கூச்சல் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். சமையலறையில் சிவப்பு சாஸ், பச்சை சாஸ், எழுத்துக்கூட்ட முடியாத சாஸ் எல்லாம் இருக்கிறது, அரிசி ஒரு பிடி இல்லை. கொல்லையையே மூட்டை கட்டியவள் அரிசி கொண்டுவரவில்லை. ஏனென்றால், அரிசி இல்லாத வீடும் உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும். "புரட்டாசி சனிக்கிழமைல சாமிக்குப் பொங்க அரிசி இல்லையா, இது வீடா சத்திரமா" என்றாள். மாப்பிள்ளை கதவை ஒரு சாண் திறந்து, "அத்தே, போன்ல போட்டா இப்பவே வந்துரும்" என்று சொல்லித் திரும்பவும் சாத்திக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா, "இனிமே இன்னா, நாமத்தப் போட்டுக்கினு ஏழு வீட்ல கோவிந்தா அரிசி எடுக்க வேண்டியதுதான்" என்று ஒரு வார்த்தை விட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, நீயே அந்த வயசில் பையன்களுக்குச் சரிசமமாக நானும் போவேன் என்று அழுது, சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போனவள். நாமம் போட்டுக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிவந்து, அதைப் பொங்கிப் படைத்து, மனசில் வேண்டிக்கொண்டால் பெருமாள் தட்டமாட்டார். பொங்கல் படைக்கும் வரை வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, பாதியில் நிறுத்தினாலும் ஆகாது. முதல் சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தபோது யஸ்வந்த் நம் தெருப் பிள்ளைகள் பின்னால் சுற்றி இதையெல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்டு போயிருக்கிறான். என்னிடம் வந்து நாமம் போடச் சொன்னான், போட்டேன். சட்டையைக் கழற்றினான், இடுப்பில் மஞ்சள் துண்டைச் சுற்றச் சொன்னான், சுற்றினேன். கோணிப்பையிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்தான், விளையாடுகிறான் என்று நினைத்தேன். நான் மாவிலை கட்ட ஸ்டூல் மேல் ஏறி, முழங்காலோடு சண்டை போட்டு இறங்குவதற்குள் பிள்ளையைக் காணோம்.

அந்த நேரம்தான் அபார்ட்மெண்ட் வாட்சப் குரூப்பில் தீப்பிடித்தது. சங்கத்துச் செகரட்டரி நரசிம்மன் ஒரு போட்டோ போட்டிருந்தார். லிஃப்டு பக்கத்தில் சட்டையில்லாத ஒரு பிள்ளை, முதுகு மட்டும் தெரிகிறது, கையில் சொம்பு. குழந்தைகளை வைத்துப் பிச்சை எடுக்கும் கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டது, யாரும் கதவைத் திறக்க வேண்டாம், செக்யூரிட்டி என்ன செய்கிறார் என்று கீழே எழுதியிருந்தார். மாப்பிள்ளை மீட்டிங் நடுவில் அந்தப் படத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, உடனே வெளியே அனுப்புங்கள் என்று பதில் போட்டார். அத்தனை குடித்தனத்தில் முதல் பதில் அவருடையது. பெற்ற பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லி முதல் ஓட்டுப் போட்டவர் பெற்ற தகப்பன். தரணிதான், டிவியை விட்டுவிட்டு அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள், போனைப் பார்த்து "அண்ணா, அண்ணா" என்று கையைத் தட்டினாள். நீ சொல்லு, முதுகை மட்டும் பார்த்து அந்த மூன்று வயசுப் பெண்ணுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை ஓடினார். அரைக்கால் டிராயர், கழுத்தில் தொங்குகிற காதுக்குமிழ், மீட்டிங் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. பின்னால் நான் நொண்டிக்கொண்டு போனேன். நாலாவது மாடியில் பிள்ளை ஒரு வாசலில் நின்று "வெங்கட்ரமணா கோவிந்தா" என்று ஓங்கிக் குரல் கொடுத்தான், அமெரிக்காவில் அப்போது வெள்ளிக்கிழமை ராத்திரியாம், மீட்டிங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டதாம். மாப்பிள்ளை முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. கையைப் பிடித்து இழுத்தார். அவன் தூணைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு வீடு பாக்கி டாடி, பாதில வந்தா பலிக்காது" என்று கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, மாப்பிள்ளை, பாதியில் நிறுத்துவது குடும்பத்துக்கு ஆகாது, அப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னால் கம்ப்யூட்டர் படித்தவரும் நின்றுவிடுகிறார். மீதி இரண்டு வாசலுக்கும் டிராயரோடு அவரே கூட வந்தார். பிள்ளை அவரையும் கோவிந்தா சொல்லச் சொன்னான், முதல் தடவை சத்தம் வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது.

கடைசி வாசல் யாருடையது என்று நினைக்கிறாய், செகரட்டரி நரசிம்மனுடையது. கதவைத் திறந்தவர் பிச்சைக்காரக் கூட்டத்தில் மூன்றாவது ஃப்ளாட்டு பவன்குமாரை, நம் மாப்பிள்ளையைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நான் நினைப்பதற்குள், உள்ளேயிருந்து அவர் சம்சாரம் கோவிந்தா சத்தம் கேட்டு ஓடிவந்தார். கை நிறைய அரிசி, மேலே மஞ்சள், சொம்பில் போட்டுவிட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பெண்டாட்டி கும்பிட்டதும் செகரட்டரியும் கையைக் கூப்ப வேண்டியதாகிவிட்டது. கூப்பின கையோடேயே இண்டர்காமில் காவல்கார ரங்கையாவைக் கூப்பிட்டு, எப்படி உள்ளே விட்டாய் என்று அதட்டினார். ரங்கையா நிதானமாக, "பயட்னுஞ்சி வச்சேவாள்ளனே நேனு ஆபேதி சார், ஈ கோவிந்தா லோபலிதே" என்று சொல்லிவிட்டார். வெளியிலிருந்து வருகிறவனைத்தானே ஐயா நிறுத்துவேன், இந்தக் கோவிந்தா உள்ளேயே இருந்ததல்லவா.

சொம்பைக் கொட்டிப் பார்த்த உன் அம்மாவுக்கு வந்தது சிரிப்பா கோபமா தெரியவில்லை. ஒரு வீட்டில் பாசுமதி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் சிவப்பரிசி, அதோடு சர்க்கரை வியாதியைப் பற்றி ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒரு பிரசங்கம். ஒருவர் ஸ்கேன் பண்ணுகிற அட்டை இருக்கிறதா என்று கேட்டாராம், இல்லை என்றதும் நூடுல்ஸ் பாக்கெட் போட்டிருக்கிறார். இன்னொரு வீட்டில் பொடிப்பொடியாக ஏதோ தானியம், கினோவா என்று மாப்பிள்ளை சொன்னார். "கோழிக்குப் போடற குருணைய சாமிக்குப் போட்டானுங்களா" என்று உன் அம்மா அதைத் தள்ளி வைக்கப் போனாள். யஸ்வந்த் விடவில்லை, கொடுத்தது எல்லாம் ஒரே பானையில் வேகவேண்டும், அதுதான் சட்டம் என்றான். போனில் போட்ட அரிசி மூட்டை அதற்குள் வந்துவிட்டது, அது மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பாசுமதி குழைந்து காணாமல் போன பிறகும் சிவப்பரிசி முழித்துக்கொண்டிருந்தது. நூடுல்ஸையும் உடைத்துப் போட்டாள், மசாலாப் பொட்டலத்தை மட்டும் பெருமாள் தாங்கமாட்டார் என்று பிரிக்கவில்லை. மேலே வெல்லமும் நெய்யும் தாராளம். வெல்லமும் நெய்யும் ஊற்றினால் எந்தக் குறையும் தெரியாது என்பது உன் அம்மாவின் நம்பிக்கை, என்னைக் கட்டிக்கொண்டதும் அந்தத் தைரியத்தில்தானாம்.

படைப்பதற்கு இடம் வேண்டும் என்று மேஜை மேலிருந்த துணியை எல்லாம் வாரி மாப்பிள்ளையின் ஆபீஸ் நாற்காலியில் மலையாகப் போட்டாள். அதனால் அவருக்குத் திரும்பிப் போய் உட்கார இடம் இல்லாமல் போய்விட்டது. படத்துக்கு முன்னால் இலை போட்டு, கற்பூரம் காட்டி, பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதட்டை அசைத்து வேண்டிக்கொண்டான். எங்கள் மூன்று பேருக்கும் அவன் என்ன கேட்கிறான் என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டு நின்றோம். அம்மா சீக்கிரம் வரணும் என்றுதான் கேட்டிருப்பான் என்று உன் அம்மா கண்ணைத் துடைத்தாள். ஆஸ்டல் வேண்டாம் என்றுதான் கேட்டிருப்பான் என்று நான் நினைத்தேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. மாப்பிள்ளையும் அதையேதான் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது, திருட்டு டிக்கெட்டில் பிடிபட்டவர் மாதிரி நின்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். பொங்கல், முருங்கைக்கீரை வதக்கல், கத்தரிக்காய்க் குழம்பு, வடை. தரணி டிவி கேட்கவில்லை, அண்ணன் இலையிலிருந்து தானே எடுத்துத் தின்றாள். மாப்பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பயந்துகொண்டே, சாமிகிட்ட இன்னாடா கேட்ட என்றார். பிள்ளை வாய் நிறையப் பொங்கலோடு சொன்னான், "அந்த ஆஸ்டல்ல டாடிக்கும் ஒரு சீட்டு குடு சாமின்னு கேட்டேன். அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து துன்றாங்க. நான் அங்க போய்ட்டு, பாப்பா ஊருக்குப் போய்ட்டா, டாடி இங்க யார்கூட துன்னுவாரு?"

ஷோபா, உள்ளே துணிமலைக்கு அடியில் போன் உறுமிக்கொண்டே இருந்தது, மாப்பிள்ளை எழுந்து போகவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை இலையில் மிச்சமிருந்ததை, நூடுல்ஸோடு சேர்த்து, தன் இலைக்கு இழுத்துச் சாப்பிட்டார். ஆஸ்டல் வேண்டாம் என்று பிள்ளை அழுதிருந்தால் இரண்டு சாக்லேட்டில் சமாதானம் பண்ணியிருப்போம். அவன் தனக்காகக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. சனிக்கிழமைக்குக் குறித்துவைத்த குடும்ப நேரம் எந்த மூலையில் போனதோ, யாரும் தேடவில்லை. உன் அம்மா களி கிண்டினாள், கிண்டும் கோலை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள், அவர் உள்ளங்கையில் கொப்புளம் வரும்வரை கிண்டினார். யஸ்வந்த் உருண்டை பிடித்தான், தரணி ஒன்றை எனக்கும் ஒன்றைத் தன் பொம்மைக்கும் ஊட்டினாள். வேர்க்கடலைத் துவையலோடு சாப்பிட்டுவிட்டு அத்தனை பேரும் ஒரே பாயில் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கினோம். மாப்பிள்ளை விட்ட குறட்டையைக் கேட்டால் அந்த ஆள் எத்தனை மாசமாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது, பாவம். சாயந்தரம் அவரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த ஏழு ஃப்ளாட்டுக்கும் மீந்த பொங்கலைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வருஷம் லிஃப்டில் போனைப் பார்த்துக்கொண்டு ஏறி இறங்கியவருக்கு அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்தது. இதற்கிடையில் நரசிம்மன் சும்மா இருப்பாரா. குரூப்பில் கோவிந்தா கமிட்டி அமைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒன்பது முதல் பத்து வரை, முன்பதிவு செய்த பிள்ளைகள் மட்டும், சோனா மசூரி அரிசி மட்டும், சத்தம் குறைவாக. சேர்மன் அவரேதான்.

திங்கட்கிழமை காலை, நான் பக்கத்தில் இருக்கும்போதே மாப்பிள்ளை அந்த ஸ்கூலுக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டார். "மாகு ரெண்டு சீட்லு காவாலண்டி" என்றார், எங்களுக்கு இரண்டு சீட்டு வேண்டுமாம். அந்தப் பக்கம் பேசிய ஸ்கூல் அம்மாவுக்கு ஒரே குஷி, இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை உண்டு சார், வயசு என்ன என்று கேட்டது. முப்பத்தாறு என்றார். பெரியவர்களுக்கு எங்களிடம் சீட் இல்லையே சார் என்று மெதுவாகச் சொன்னது. "அலாகைதே ஒகட்டி கூட வத்தண்டி", அப்படியானால் அந்த ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நானும் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்னதால் மட்டும் வீடு ஓடிவிடாது என்று எனக்கும் தெரியும். அதனால் உங்கள் விசாக் காகிதம் எல்லாம் சரியாகி, நீ பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் வரை நானும் உன் அம்மாவும் மாசத்தில் பாதி இங்கே, பாதி ஊரில் என்று முடிவு. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளையும் ஆபீஸில் பேசி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அமெரிக்காவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார், காத்திருக்கிறார்களாம், ஒன்றும் குடி முழுகவில்லையாம். ஏழரை மணிக்கு நான் என் பழைய விசிலை ஊதுகிறேன், ஊதினால் அவரவர் இருக்கிற இடத்தை விட்டு மேஜைக்கு வந்தாக வேண்டும். இரண்டே நாளில் விசில் சத்தத்தைப் பற்றியும் குரூப்பில் புகார் வந்துவிட்டது.

நீ இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் குதிக்காதே. கெட்ட மனுஷன் இல்லை, ஆழம் தெரியாமல் காலை விட்டுத் தவித்தவர். தானே உன்னிடம் சொல்லவேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறார், தெரியாதது போலக் கேட்டுக்கொள். வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்றும் கிளம்பாதே, நீ போனது உன் பிள்ளைகளுக்காகத்தான், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வேறு ஒன்று. இங்கே ஏழரை என்றால் உனக்கு மத்தியானம் மூன்றாமே. அந்த நேரத்தில் நீ தூங்கி எழுந்து, அடுப்பு மேடை ஓரம் ஒண்டியாக நின்றுகொண்டே ரெண்டு பிரெட்டைத் தின்றுவிட்டுப் போகிறாய் என்று சந்தியா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். உன் அம்மா அன்றைக்கே ஊறுகாய் டப்பாவை அடிவரை அமுக்கி நிரப்பினாள். மேஜையில் மாப்பிள்ளை, பிள்ளைகள் இரண்டு பேர், நாங்கள் இரண்டு பேர் போக ஒரு நாற்காலி மிச்சம் இருக்கிறது. அதன் எதிரில் யஸ்வந்த் அந்தப் பித்தளைச் சொம்பை வைத்திருக்கிறான், போனைச் சாய்த்து வைத்தால் விழாமல் நிற்கிறதாம். ராத்திரி சாமியிடம் என்னடா கேட்கிறாய் என்றேன், பலிக்கும் வரை சொல்லமாட்டானாம்.

பாப்பாவுக்கும் பையனுக்கும் வாங்கவேண்டியது எதுவும் இல்லை, அவர்கள் கேட்டாலும் அனுப்பாதே. ஊறுகாயில் ஈரக்கரண்டி போடாதே, டப்பா உன் அம்மாவுடையது, திரும்பி வந்தாகவேண்டும். எல்லாம் வல்ல பெருமாள் உனக்கு நீண்ட ஆயுசும், கை கால் சுகமும், உன் குடும்பத்தோடு ஒரே கூரையில் இருக்கிற நாளும் சீக்கிரம் கொடுக்கட்டும். முக்கியமாக இதை மறக்காதே. நாளையிலிருந்து மூன்று மணிக்கு ஒரு தட்டில் போட்டு, உட்கார்ந்து, போனை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடு. என் சர்வீஸில் யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்தி வைத்தவன் இல்லை நான். அந்த ஆறாவது சீட்டுக்கு மட்டும், நீ வந்து உட்காரும் வரை புறப்படும் விசிலை ஊதமாட்டேன்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் நைனா,
செங்கல்வராயன்
(உன் அம்மா கிருஷ்ணம்மாவின் ஆசீர்வாதமும் இதில் அடக்கம்)